நிக்கீம் என்னும் தேரை மீன்

சிறு வயதில் கெளுத்தி மீனை ஆயும்போது அதன் முள் விரலில் ஏறி, அன்று இரவு முழுவதும் கை கடுத்தது இன்றும் நினைவில் இருக்கிறது. மீன் முள்ளின் நஞ்சைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் அன்று தொடங்கியது. அந்த வாசிப்பில் என்னை அதிகம் கலங்க வைத்தது, பிரேசிலின் வடகிழக்குக் கரையோர மீனவர்கள் நிக்கீம் என்று அழைக்கும் ஒரு தேரை மீன்.

இதன் பேரினத்துக்கு 1861இல் விலங்கியலாளர் குந்தர் இட்ட பெயர் தலசோபிரைனி. கிரேக்கத்தில் 'கடல் தேரை' என்று பொருள். ஆறு இனங்களில் பெரும்பாலானவை தென் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் வாழ, ஒன்று மட்டும் அமேசான் ஆற்றின் நன்னீரில் வாழ்கிறது. கடலைப் பெயரில் சுமந்துகொண்டு ஆற்றில் வாழும் அந்த இனம் எனக்குத் தனிப் பிரியமானது.

நிக்கீம் செதிலற்றது, ஆழமில்லாத கழிமுக நீரில், கண்ணும் வாயும் மட்டும் தெரியும்படி மணலுக்குள் புதைந்து இரைக்குக் காத்திருக்கும். நீர் வற்றிய பிறகும் பல மணி நேரம் ஈரமணலில் உயிரோடு இருக்கும் என்பதால், வற்றுநேரத்தில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. முதுகில் இரண்டு, செவுள் மூடிகளில் பக்கத்துக்கு ஒன்று என நான்கு முட்கள்; நான்கும் ஊசிபோல உள்ளே துளை உடையவை. அடியில் நஞ்சுப்பை இருக்கிறது. மீன் எதையும் பீய்ச்சுவதில்லை. மிதிக்கும் காலின் அழுத்தமே பையை நசுக்கி நஞ்சைத் தசைக்குள் ஏற்றுகிறது.

குத்திய உடனே கடும் வலி எழும், பாதம் வீங்கும், சில நாட்களில் தசை அழுகத் தொடங்கும். காயமோ வாரக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். ஏன் ஆறுவதில்லை என்ற கேள்விக்கு சாவ் பாவுலோவின் புட்டன்டான் நிறுவன ஆய்வாளர்கள் கண்ட விடைதான் என்னைக் கலங்க வைத்தது: இந்த நஞ்சு நுண்குழாய்களில் குருதியோட்டத்தைத் தேங்க வைப்பதால், காயத்தைச் சீராக்க வேண்டிய வெள்ளணுக்கள் அங்கே போதிய அளவில் வந்து சேர்வதில்லை. அதாவது, தசையைச் சிதைக்கும் நஞ்சே அதைச் செப்பனிட வருபவர்களையும் வழியிலேயே தடுத்துவிடுகிறது. நஞ்சில் உள்ள முக்கியப் புரதங்களை 2005இல் விவரித்தபோது, அவற்றுக்கு நாட்டரின் என்று பெயரிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசிலில் உயிரினங்களைச் சேகரித்த ஆஸ்திரியரான யோகான் நாட்டரரின் பெயரை இம்மீன் இனம் தாங்கியிருப்பதால் வந்த பெயர் அது.

பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் மீன்முள் வலி தணியக்கூடும். ஆனால் அழுகிய தசை மீண்டும் வளரும்வரை, தண்ணீரில் இறங்கினால்தான் அன்றைய வருமானம் என்றிருக்கும் மீனவர் கரையிலேயே இருக்க வேண்டியிருக்கிறது.