நாலு லட்சத்துக்கு என்ன கிடைக்கும்?

நாமக்கல் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் சில வருடங்கள் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை, லாரி, பள்ளிக்கூடம் மூன்றுக்கும் பேர்போன பகுதி. நீட் ரிசல்ட் வந்து, ரேங்க் பட்டியல் வெளியாகி, கவுன்சலிங் தேதி அறிவித்துவிட்டார்கள் என்றால் என் மேஜைக்கு எதிரே உள்ள இரண்டு நாற்காலிகளும் காலியாகவே இருக்காது. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் பிள்ளை, பின்னால் அம்மா நின்றுகொண்டிருப்பார். உட்காருங்கம்மா என்றாலும் உட்கார மாட்டார்.

கல்விக்கடன் கேட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் பெயர். பாதிப் பேர் கேட்பது வேறு. "எந்தக் காலேஜ முதல்ல போடலாமுங்க சார்?" நான் டாக்டர் இல்லை, எங்கள் வீட்டிலும் யாரும் டாக்டர் இல்லை. ஆனாலும் பணம் கொடுக்கப் போகிறவனுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பல பேர் கேட்டுக் கேட்டு எனக்கும் ஓரளவு தெரிந்துபோய்விட்டது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தொடாது. அதே கவுன்சலிங்கில் சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் நாலு லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை. மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் பத்து லட்சத்தைத் தாண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இன்னும் மேலே. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது. அவர்கள் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது. மற்றவர்களுக்கு ஒரு ரேங்க் முன்னே பின்னே போனாலும் குடும்பத்தின் பத்துப் பதினைந்து வருடத் தலையெழுத்தே மாறிவிடும்.

தலையெழுத்து என்று சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டுக் காட்டியே சொல்வேன். வருடம் நாலு லட்சம் வீதம் ஐந்து தவணையாக 20 லட்சம் கடன் எடுக்கிறீர்கள். வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற ஐந்தரை வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் அசல் கட்ட வேண்டாம், தனி வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அதுவே ஒன்பது லட்சம். ஆக, கட்டத் தொடங்கும்போது கடன் 29 லட்சம். பதினைந்து வருடத் தவணை போட்டால் மாதம் 31,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 56 லட்சம். இந்த எண்ணைக் காகிதத்தில் எழுதித் திருப்பி வைத்ததும் பின்னால் நிற்கிற அம்மாதான் முதலில் குனிந்து பார்ப்பார்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கும். டாக்டர் பிள்ளைகள் சரியாக அந்த நேரத்தில்தான் வருமானம் எதுவும் இல்லாமல் பி.ஜி. நுழைவுத்தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள். மேலே படிக்கச் சேர்ந்தால் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். சேர்வதற்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் எந்த வங்கியும் தள்ளி வைக்காது. கடன் இருக்கிற பிள்ளை டியூட்டி டாக்டராக நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படிக்கும், இல்லாத பிள்ளை படிப்பை மட்டும் பார்க்கும். மலிவான இடத்தில் சேர்ந்தவருக்கு அந்த வயதில் கிடைக்கிற நிம்மதியும் சந்தோஷம்தான். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் காதில் ஏறாது, அது வேறு விஷயம்.

2022 ஜனவரியில் ராமநாதபுரம், நாகப்பட்டினம், நீலகிரி, அரியலூர், எங்கள் நாமக்கல் என்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்துவைத்தார்கள். மொத்தம் 1,450 இடங்கள். முன்பெல்லாம் ரேங்க் கொஞ்சம் இறங்கினால் சுயநிதிதான் கதி என்றிருந்தது. அதன்பிறகு, தூரமாக இருந்தாலும் அரசு இடம் ஒன்று கிடைக்கும் என்றானது. அதிலிருந்துதான் புதுக் கேள்வி கிளம்பியது. எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகிற அரசுக் கல்லூரியா, வீட்டு வாசலில் காலேஜ் பஸ் வந்து ஏற்றிக்கொள்கிற சுயநிதிக் கல்லூரியா?

"பாப்பாவுக்கு அந்த ஊரு ஒத்துக்காதுங்க." "பையன் அங்க போனா சந்தோஷமா இருக்கமாட்டானுங்க." இப்படித்தான் பேச்சு தொடங்கும். நான் இதைச் சிரித்து ஒதுக்குகிற ஆள் இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024-ல் நாடு முழுக்க மருத்துவ மாணவர்களிடம் இணையவழிக் கணக்கெடுப்பு நடத்தியபோது, பதில் சொன்ன 25,000-க்கும் மேற்பட்ட இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போதாக்குறைக்கு, சேர்ந்தபின் பிடிக்கவில்லை என்று வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொள்வதும் சுலபமில்லை. 2023-ல் வந்த விதிமுறை அந்தக் கதவைச் சாத்தியிருந்தது. பிடிக்காத இடத்தில் ஐந்தரை வருடம் என்பது சின்ன விஷயமா என்ன?

ஆனால் சந்தோஷம் என்று மொத்தமாகச் சொன்னால் எனக்குப் புரியாது. பழக்கதோஷம். வீட்டுக்கடன் எஸ்டிமேட்டில் "இதர செலவு மூன்று லட்சம்" என்று எழுதிக்கொண்டு வந்தாலும் பிரித்து எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்பேன். இங்கேயும் அதேதான். அந்தக் காலேஜில் எது பிடிக்காது, சாப்பாடா, ஹாஸ்டலா, தூரமா, தெரிந்தவர்கள் இல்லாததா? பிரித்துக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று உருப்படிகள்தான் தேறும். அதில் பலவற்றுக்கு நாலு லட்சம் தேவையே இல்லை.

ராசிபுரத்துப் பையன் ஒருவன். தென்மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து முதல் வருடம் முடிவதற்குள், விட்டுவிட்டு வருகிறேன், அடுத்த வருடம் திரும்ப நீட் எழுதி சென்னையில் ஏதாவது நிகர்நிலையில் சேருகிறேன் என்று நின்றான். அவன் அப்பா லோன் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்க வந்தார். பையனைக் கூட்டி வரச் சொன்னேன். அரை மணி நேரம் பேசியதில் தெரிந்தது: ஹாஸ்டலில் ஒரே அறையில் ஆறு பேர், இவனுக்குத் தூக்கம் வரவில்லை. தூங்காமல் அனாட்டமி வகுப்பில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் ஏறவில்லை. ஏறாததால் பயம். சென்னை ஆசையெல்லாம் அதற்கப்புறம் வந்து ஒட்டிக்கொண்டதுதான். கல்லூரிக்குப் பக்கத்திலேயே மூன்று பேராகச் சேர்ந்து ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். தலைக்கு நாலாயிரமோ என்னவோ ஆனது. அதற்கப்புறம் அவர் லோன் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு ஒரு டார்கெட் போச்சு.

செலவுப் பக்கமும் கல்லில் செதுக்கியது ஒன்றும் இல்லை. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். 2021 தொடக்கத்தில் அது சுகாதாரத் துறையின் கீழ் வந்து, கட்டணம் மற்ற அரசுக் கல்லூரிகளைப் போல 13,610 ரூபாய் ஆனது. எதிர்ப்பக்கமும் நடக்கும். வெளிநாட்டுப் படிப்பு மலிவு என்று கணக்குப் போட்டு உக்ரைனுக்கு அனுப்பியவர்கள், 2022 பிப்ரவரியில் பிள்ளை உயிரோடு திரும்பினால் போதும் என்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்த பிறகு மிச்சப் படிப்பை எங்கே முடிப்பது என்று அடுத்த அலைச்சல். மலிவு என்பதைக் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இப்படி உருப்படி பிரிக்கிற என் கணக்கு ஒத்துவராத குடும்பம் ஒன்று வந்தது. பள்ளிபாளையம் பக்கம் எட்டு விசைத்தறி ஓட்டுகிறவர். மகளோடு வந்தார், மனைவி வரவில்லை. சாய்ஸ் லாக் செய்ய, அதாவது கல்லூரி வரிசையை இறுதி செய்ய, இரண்டு நாள்தான் இருந்தது. முந்தைய வருட கட்-ஆஃப் எல்லாம் பார்த்துவிட்டார்கள். ராமநாதபுரம் கட்டாயம் கிடைக்கும். அதை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சுயநிதிக் கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட வேண்டும், அதற்குக் கடன் வேண்டும் என்றார். அரசு இடம் கையில் இருப்பவர்கள் என்னிடம் வருவதே அபூர்வம். அதை வேண்டாம் என்று சொல்லக் கடன் கேட்டு வந்தது இவர்கள்தான். நூல் டெலிவரி சலானின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் கணக்குப் போட்டு வைத்திருந்தார். தறி வருமானம், கரண்ட் பில், பீஸ், பஸ் கட்டணம். ஹாஸ்டல் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு.

வழக்கம்போலப் பிரித்துக் கேட்டேன். மனைவிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, வாரம் மூன்று நாள் ஈரோட்டில் டயாலிசிஸ். சரி, அதற்கும் என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. வருடம் நாலு லட்சம் என்றால் மாதம் 33,000. அதில் பாதிக்கு வீட்டோடு தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போடலாம். மீதியில் பாப்பா மாதம் இரண்டு தடவை வந்து போகலாம், கடனும் வேண்டாம். எனக்கே திருப்தியாக இருந்தது. அப்பா மகளைப் பார்த்தார். "நீயே சொல்லு சாமி" என்றார்.

அந்தப் பெண் போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டியது. அரை லிட்டர் பாட்டில் இரண்டு, மார்க்கர் பேனாவால் கோடு கோடாகப் போட்டு, பக்கத்தில் மணி எழுதியிருந்தது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்துதான் குடிக்க வேண்டும். மீறினால் அடுத்த டயாலிசிஸுக்குள் உடம்பில் நீர் கட்டி மூச்சு வாங்கும். "அப்பா இருந்தா அம்மா கெஞ்சி வாங்கிக் குடிச்சிருதுங்க. ஆயா வச்சாலும் அதேதான், ஏற்கெனவே வச்சுப் பார்த்தாச்சு. நான் சொன்னாத்தான் கேக்குது. ரெண்டு தடவ ஐ.சி.யூ. போனதும் நான் கோச்சிங் ஹாஸ்டல்ல இருந்தப்பத்தாங்க." அழவில்லை, குரல் கூட மாறவில்லை. லேப் ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரிச் சொன்னது.

இதற்கு நான் யாரைச் சம்பளத்துக்கு வைக்கச் சொல்வது? நாலு லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ராமநாதபுரம் பிடிக்காது என்று அது சொல்லவே இல்லை. அங்கே இருந்துகொண்டு தினமும் அந்தப் பாட்டிலை நினைத்துக்கொண்டு படிக்க முடியாது என்றது. அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "போகச் சொல்றாங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கடன் கொடுப்பதென்று முடிவு செய்தேன். இப்போதும் பத்துக் குடும்பம் வந்தால் ஒன்பது பேரிடம் அரசு இடத்தை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இவர்களிடமும் அதைத்தான் முதலில் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள், அதற்கப்புறமும் இதுதான் வேண்டும் என்றார்கள். தெரிந்தே வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஒரே ஒரு யோசனை சொன்னேன். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டிவந்தால் ஒரு சதவீதம் சலுகை உண்டு, கடைசியில் அசலோடு ஒன்பது லட்சம் சேராது. அந்த மனிதர் அன்றைக்கே சரி என்றார். நான் மாற்றலாகிப் போகிறவரை ஒரு மாதமும் தவறியதில்லை. நடுவில் இரண்டு தறியை விற்றார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெண் தேர்வுகளையெல்லாம் முதல் தடவையிலேயே தாண்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடர்ந்துகொண்டிருந்தது.

வேலை அத்தோடு முடியவில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் போகிற கடன், அடமானம் வேண்டும். வீடு அவருடைய அம்மா பெயரில். அந்த அம்மாள் காலமாகிப் பல வருடம். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கி, பட்டாவை மாற்றி, வில்லங்கம் போட்டுப் பார்த்து, வக்கீல் லீகல் ஒப்பினியன் கொடுத்து, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான எம்.ஓ.டி. பதிவு செய்வதற்குள் ஆவணி போய்ப் புரட்டாசி வந்துவிட்டது. முதல் வருடக் கட்டணத்தை அந்தத் தங்கை நகையை வைத்துத்தான் கட்டினார்கள். கடன் கிடைத்ததும் முதலில் மீட்டது அந்த நகையை.

எங்கள் அப்ரைசல் படிவத்தில் கல்லூரி பெயருக்கு ஒரு கட்டம் உண்டு, கட்டணத்துக்கு உண்டு, படித்தபின் எதிர்பார்க்கும் சம்பளத்துக்குக்கூட உண்டு. ஏன் இந்தக் கல்லூரி என்பதற்குக் கிடையாது. கடைசியில் ரிமார்க்ஸ் என்று இருக்கிற இரண்டு வரி இடத்தில், மாணவிக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க வாய்ப்பு இருந்தும் தாயின் சிகிச்சை காரணமாக அருகில் உள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுத்துள்ளார் என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். எழுதாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று பக்கத்து சீட்டில் இருந்தவர் சொன்னார். ரீஜனல் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதைப் பற்றித்தான் இருக்கும் என்று பதில் எல்லாம் தயார் செய்துகொண்டு பிரித்துப் பார்த்தேன். வேல்யூயேஷன் ரிப்போர்ட்டில் வீட்டுக்கு மேற்கே உள்ள நடைபாதை எத்தனை அடி என்று குறிப்பிடவில்லை, தெளிவுபடுத்தவும் என்று இருந்தது.