கொழிஞ்சாம்பாறையிலிருந்து டைமண்ட் வரை: வாலரண்ட் ரேங்க் ஏற எனக்கு உதவியவை

"அண்ணா, எய்ம் எப்படிச் சரிசெய்வது?" ஐவருக்கு ஐவர் மோதும் இணையத் துப்பாக்கி விளையாட்டான வாலரண்டில் ரேங்க் ஏற விரும்பும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எய்ம் என்றால் குறிபார்ப்பது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எங்கள் கேரள-தமிழக எல்லைப்பக்கத்து ஊர் எதுவானாலும் கேள்வி மாறுவதில்லை. சில்வர் ரேங்கில் இருந்த காலத்திலும் அதைவிட உயர்ந்த டைமண்டை எட்டிய பிறகும் என் கைவேகம் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியதெல்லாம் சுடுவதற்கு முன்னால் எடுக்கும் முடிவுகள்: எங்கே நிற்கிறேன், கிராஸ்ஹேர் (திரை நடுவிலுள்ள குறி) எதன்மேல் இருக்கிறது, கையில் எவ்வளவு பணம், கூட்டாளிக்கு என்ன சொன்னேன். ஆகவே நான் இங்கே பேசப்போவது அவற்றைப் பற்றித்தான்.

ஏணியைப் பற்றி ஒரு கணக்கு முதலில். அயர்ன் முதல் இம்மார்ட்டல் வரை எட்டு ரேங்க், ஒவ்வொன்றிலும் மூன்று படிகள், உச்சியில் ரேடியன்ட். ஆக மொத்தம் 25. டைமண்ட் வரை ஒரு படி ஏற 100 புள்ளி வேண்டும். உங்கள் திறமையை ஆட்டம் உள்ளுக்குள் தனியாகக் கணித்து, அதற்கு ஈடானவர்களையே எதிரில் நிறுத்துகிறது. அதனால் நன்றாக ஆடுகிறவரும் கிட்டத்தட்டப் பாதி ஆட்டங்களில் தோற்கத்தான் செய்வார். வெற்றிக்கு 20 புள்ளி ஏறும், தோல்விக்கு 20 இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆட்டங்களில் 54 வென்று 46 தோற்றால் 160 புள்ளி மிச்சம். ஒன்றரைப் படிக்கு மேல். நூற்றுக்கு நான்கு தோல்விகளை வெற்றியாக்கினால் போதும் என்று புரிந்துவிட்டால், ஒரு மாலைத் தோல்வி மனத்தை அரிக்காது.

மவுஸ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மவுஸில் 800 டிபிஐ (நகர்வை உணரும் நுணுக்கம்), ஆட்டத்துக்குள் 0.35 சென்சிடிவிட்டி (திரும்பும் வேகம்) என்று வைத்தால், முழுச்சுற்று திரும்ப மவுஸ் சுமார் 47 செ.மீ. நகர வேண்டும். மேசையில் அந்த இடத்தை ஒழித்துக்கொள்ளுங்கள். வைத்த எண்ணை எந்தப் புகழ்பெற்ற வீரரின் காணொளியைப் பார்த்தாலும் மாற்றாதீர்கள்.

கிராஸ்ஹேரை எங்கே வைப்பது என்பதில்தான் பொறுமை வேண்டும். வாண்டல் துப்பாக்கியால் தலையில் விழும் ஒரு குண்டு, எவ்வளவு தூரத்திலிருந்தானாலும், 160 சேதம் தரும். முழுக் கவசம் அணிந்தவருக்கே உயிரும் கவசமும் சேர்த்து 150தான். ஆகவே தலை உயரத்தில் குறி முன்கூட்டியே இருந்தால் ஒரே அழுத்தில் வேலை முடிந்தது. இதற்கு நான் சொல்லும் பயிற்சி: நண்பன் ஒருவனோடு காலி வரைபடத்துக்குள், அதாவது ஆடுகளத்துக்குள், செல்லுங்கள். அசென்ட் என்ற வரைபடம் நல்ல தொடக்கம். எதிரிகள் வழக்கமாக ஒளியும் மூலை ஒவ்வொன்றிலும் அவனை நிற்கச் சொல்லி, அவன் தலை சுவரின் எந்தக் கோட்டுக்கு, பெட்டியின் எந்த விளிம்புக்கு நேராக வருகிறது என்று பாருங்கள். பிறகு அவனை விலகச் சொல்லிவிட்டு, அதே வழியில் மெதுவாக நடந்து, ஆளில்லாத அந்த இடங்களில் குறியை வைத்துப் பழகுங்கள். சுவரின் விளிம்பில் ஒட்டவைக்காமல் சற்றே தள்ளி வையுங்கள். எதிரி வேகமாக வெளிப்படும்போது, கண் பார்த்து விரல் அழுத்தக் கால் நொடி போய்விடும்; ஒட்டவைத்த குறியை அதற்குள் அவர் தாண்டியிருப்பார். இன்னொன்று, நின்று சுடுங்கள். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டுகள் சிதறிவிடும்.

பணக்கணக்கு எனக்குக் கொடுத்த வெற்றிகளை வேறு எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் துப்பாக்கி, கவசம் வாங்க ஆட்டமே பணம் தரும். முதல் சுற்றில் ஆளுக்கு 800. அதைச் செலவழித்துத் தோற்றால் 1900 வரும். பெரும்பாலானோர் அவசரப்பட்டு 1600 கொடுத்து ஸ்பெக்டர் என்ற மலிவான துப்பாக்கியை வாங்குகிறார்கள். அந்தச் சுற்றும் போனால் மிச்சம் 300, வரவு 2400, கையில் 2700. வாண்டல் விலை 2900! மூன்றாவது சுற்றிலும் அரைகுறையாகவே இறங்க வேண்டியிருக்கும். மாறாக, இரண்டாவது சுற்றில் எதுவும் வாங்காமல் பொறுத்தால் மூன்றாவதில் 4300 இருக்கும். வாண்டலும் 1000 விலையுள்ள முழுக் கவசமும் வாங்கிய பிறகும் 400 மிஞ்சும். ஐவரும் சேர்ந்து பொறுக்க வேண்டும், சேர்ந்து வாங்க வேண்டும். நால்வர் சேமிக்க ஒருவர் மட்டும் வாங்குவது அணிக்குச் செய்யும் தீங்கு. இதை நான் எங்கும் அழுத்திச் சொல்வேன்.

இதே போலக் கடிகாரக் கணக்கையும் மனப்பாடம் செய்யுங்கள். தாக்கும் அணி வைக்கும் வெடிகுண்டான ஸ்பைக், வைத்த 45 நொடியில் வெடிக்கும். காக்கும் அணி அதைச் செயலிழக்கச் செய்ய 7 நொடி. மூன்றரை நொடியில் பாதியை முடித்துவிட்டால் அந்தப் பாதி கணக்கில் நிற்கும். பாதியும் முடியாமல், நேரமும் 7 நொடிக்குக் கீழே போய்விட்டதென்றால் துப்பாக்கியைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுங்கள். அடுத்த சுற்றுக்கு அந்தத் துப்பாக்கி மிச்சம்.

மும்பை சர்வரில் நமக்குத் திருச்சூர்க்காரர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், இந்தி பேசும் இருவர் என்றுதான் அணி அமையும். தமிழும் மலையாளமும் ஒருசேர வளர்ந்த எல்லைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய பலம். "சேட்டா" என்று ஒருமுறை அழைத்துவிட்டால் அதுவரை பேசாமல் இருந்தவரும் பேசத் தொடங்குவார். வரைபடத்தின் இடப்பெயர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஏ மெயின், ஹெவன், மிட். அவற்றைத் தெரிந்துகொண்டு, இடம், எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு சேதம் என்ற வரிசையில் சொல்லுங்கள். "ஏ மெயின், இரண்டு பேர், ஜெட் 140." முழுக் கவசத்தோடு வந்த ஜெட் என்ற பாத்திரத்துக்கு இன்னும் 10தான் மிச்சம் என்று கேட்டவருக்குப் புரிந்துவிடும். நீங்கள் இறந்த பிறகு, கடைசியாக மிஞ்சியிருப்பவரின் காதில் பேசிக்கொண்டே இருக்காதீர்கள். அவர் காலடி ஓசையைக் கேட்க வேண்டும். திட்டுகிறவர் இருந்தால் உடனே மியூட் செய்யுங்கள்.

ஆட்டத்தைத் திரையில் பதிவு செய்யுங்கள். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் பழைய வினாத்தாள்களைப் புரட்டுகிறோமே, அந்த அக்கறையோடு தோற்ற ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். முழுவதையும் பார்க்கத் தேவையில்லை. நீங்கள் இறந்த ஒவ்வோர் இடத்துக்கும் சில நொடி முன்னால் நிறுத்துங்கள். அப்போது திரை மூலையிலுள்ள சிறு வரைபடத்தில் என்ன தெரிந்தது? உங்களைச் சுட்டவரை உடனே திருப்பிச் சுடும் தொலைவில் கூட்டாளி இருந்தாரா? இந்த இரண்டே கேள்விகள். ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தால் அந்த வாரம் அதை மட்டும் திருத்துங்கள். ஒரே வாரத்தில் நான்கைத் திருத்தப் பார்த்தால் ஒன்றும் பதியாது.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு விஷயம் உண்டு. ஐப்பசி மழைக்காலத்தில் இடி பெரும்பாலும் மாலையில்தான், அதாவது எல்லோரும் ஆட உட்காரும் நேரத்தில். மின்சாரம் போனால் நால்வர் ஐவரோடு மோத வேண்டியிருக்கும். உங்களுக்கும் தண்டனை விழும். ரவுட்டருக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்றும் கணினிக்குத் தனியாக ஒன்றும் இருந்தால் நல்லது. வைஃபைக்குப் பதில் கேபிளில் இணையுங்கள், பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) அவ்வளவாக ஏறி இறங்காது. ஆனால் இடி நெருங்கும்போது யூபிஎஸ்ஸை நம்பி உட்காராமல் கேபிளையும் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். வானம் கறுத்த மாலைகள் பதிவு பார்ப்பதற்கு உகந்தவை. பதிவைக் கைப்பேசிக்கு மாற்றி வைத்துக்கொண்டால் மின்சாரமும் தேவையில்லை.

தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு ரேங்க் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன். மூன்றாவது ஆட்டத்தில் கோபம்தான் ஆடும். நண்பர்களோடு ஆடுவதாயின் இருவராக, மூவராக அல்லது ஐவராகச் சேருங்கள். ரேங்க் ஆட்டத்தில் நால்வர் அணிக்கு அனுமதி இல்லை. நால்வராக இருக்கிறீர்கள், ஐந்தாமவர் கிடைக்கவில்லையென்றால் மூவர் ஆடட்டும். நான்காமவர் பின்னால் உட்கார்ந்து பணக்கணக்கை மட்டும் குறித்துக்கொண்டு வரட்டும். அடுத்த ஆட்டத்தில் ஆள் மாறிக்கொள்ளுங்கள்.