சாஃப்டி மெஷினை முழுதாகக் கழற்றிக் கழுவக் கற்றுக்கொண்டது

அருப்புக்கோட்டையில் நானும் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறோம். போன பங்குனியில், வெயில் ஏறுவதற்குள் சாஃப்டி (கோனில் சுற்றித் தரும் மெத்தென்ற ஐஸ்க்ரீம்) போட்டுவிடலாம் என்று செகண்ட் ஹேண்டில் ஒரு மூன்று லீவர் மெஷின் எடுத்தோம். இடது லீவரில் வெனிலா, வலது லீவரில் ஸ்ட்ராபெர்ரி, நடு லீவரை இழுத்தால் இரண்டும் முறுக்கிக்கொண்டு சேர்ந்து வரும், கடைத்தெருவில் எல்லோரும் பார்த்திருப்பீர்களே, அதேதான். கொண்டுவந்து இறக்கிய மெக்கானிக் தம்பி கழுவுவதைப் பற்றிச் சொன்னது மொத்தமே இவ்வளவுதான்: "ராத்திரி மிக்ஸை இறக்கிட்டு ரெண்டு குடம் தண்ணி ஊத்தி ஓட்டி விட்ருங்கக்கா, மாசத்துக்கு ஒருக்கா முன்னாடி கழட்டுனா போதும்." அப்படியே செய்தோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரிய ஏழு வாரம் ஆனது. இந்த வெயிலுக்கு மெஷின் வாங்கப் போகிறவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு அந்த ஏழு வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கத்திரி நடுவில் ஒரு சாயங்காலம். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் தினமும் மகனைக் கூட்டிக்கொண்டு வருவார். அன்றைக்குக் கோனைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் காதில் விழாமல், "ஏங்க, வெனிலாவுல லேசா ஒரு வாடை வருதே, பால் பழசா?" என்று கேட்டார். பால் காலையில் வாங்கிக் காய்ச்சியது. நானே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, இனிப்பும் குளிர்ச்சியும்தான். விழுங்கின பிறகு நாக்கின் அடியில் ஒரு சிக்கு வாடை, பழைய வெண்ணெயில் வருமே, அது. டீச்சருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினை நிறுத்தி, 'இன்று சாஃப்டி இல்லை' என்று அட்டை தொங்கவிட்டேன். அந்தப் பையன் பாதிக்கு மேல் சாப்பிட்டு முடித்திருந்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவன் கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது.

என் மாமா ஒருவர் பால் குளிரூட்டும் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருக்குப் போன் போட்டேன்.

"கழட்டிப் பாத்தியாம்மா?"

"மாசம் ஒரு தடவை கழட்டுறோம் மாமா."

"பின்னாடி வாஷர எடுத்துப் பாத்தியா?"

பின்னாடி ஒரு வாஷர் இருப்பதே எனக்குத் தெரியாது. மாமா மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

இந்த மெஷின் உள்ளே எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் மற்றது புரியும். மேலே மிக்ஸ் ஊற்றும் தொட்டி, அதை ஹாப்பர் என்பார்கள். அதற்குக் கீழே படுக்கைவாக்கில் ஸ்டீல் சிலிண்டர், நம் மெஷினில் இரண்டு. சிலிண்டரைச் சுற்றிக் குளிரூட்டும் வாயு ஓடுகிறது, உள்ளே பீட்டர் என்கிற கலக்கும் தண்டு சுழன்றபடி சுவரில் உறையும் மிக்ஸை பிளேடால் சுரண்டி முன்னால் தள்ளுகிறது. பீட்டரின் பின்முனை சிலிண்டரின் பின்சுவரில் உள்ள ஓட்டை வழியாக மோட்டார் பக்கம் போகிறது. அந்த ஓட்டையில் பால் கசியாமல் இருக்க ஒரு கறுப்பு ரப்பர், சின்னக் கிண்ணம் மாதிரி, தண்டில் மாட்டியிருக்கும். மாமா கேட்ட பின்னாடி வாஷர் அதுதான்.

மாமா முன்பக்கத்துக் கதவின் நான்கு திருகுகளைக் கழற்றி, பீட்டரை நேராக உருவி எடுத்து, ஸ்க்ரூடிரைவர் நீட்டிய என் கையைத் தள்ளிவிட்டு, கட்டைவிரலாலேயே அந்த ரப்பரை நெம்பினார். உள்ளே, ரப்பரின் மடிப்பு முழுக்க, நெய் காய்ச்சிய சட்டியின் அடியில் கிடக்கும் கசண்டு மாதிரி பழுப்பாக அப்பியிருந்தது. விரலால் தொட்டால் நூல் மாதிரி இழுபட்டது. டீச்சர் சொன்ன வாடை அங்கேயிருந்துதான். முன்கதவில் லீவரோடு ஏறி இறங்கும் கட்டைகளை எடுத்தால் அவற்றின் ரப்பர் வளையங்களுக்குப் பின்னாலும் அதே பிசுக்கு, ஸ்ட்ராபெர்ரி பக்கத்தில் ரோஸ் கலரில். நடு லீவரின் துளையில் இரண்டு நிறமும். நாங்கள் தினமும் குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் இந்த இடங்களைத் தொட்டதே இல்லை. ரப்பர் இறுக்கமாகப் பிடித்திருக்கும்போது தண்ணீர் எப்படிப் போகும்?

ஐஸாக உறைந்திருக்கிறதே, கிருமி செத்துவிடாதா என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சாகாது, தூங்கும், அவ்வளவுதான். லிஸ்டீரியா என்று ஒரு கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலேயே மெதுவாகப் பெருகும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் 2023ல் ஒரு கடையில் மில்க்‌ஷேக் குடித்ததில் இந்தக் கிருமி தொற்றி 6 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், அதில் 3 பேர் இறந்துபோனார்கள். ஐஸ்க்ரீம் மெஷின்களைச் சரியாகக் கழுவாததுதான் காரணம் என்று அந்த மாநிலத்துச் சுகாதாரத் துறை சொன்னது. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அது மிகவும் ஆபத்து. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் வயிற்றுப் பிள்ளையோடு வந்து கோன் வாங்கிப் போயிருப்பார்கள் என்று யோசித்தபோது கை நடுங்கியது.

மாமா சொல்லிக்கொடுத்த வரிசை, அப்புறம் நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றது, இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

ராத்திரி கடை மூடியதும் குளிரூட்டுவதை நிறுத்தி மெஷினை 'வாஷ்' பட்டனில் போடவேண்டும். இது முக்கியம். கூலிங் ஓடும்போது வெறும் தண்ணீரை ஊற்றினால் உள்ளே கல்லாக உறைந்து பீட்டரையே உடைத்துவிடும். மிச்ச மிக்ஸை வாளியில் இறக்கிக் கொட்டிவிடுகிறோம். ஆரம்பத்தில் எனக்கு மனசே வரவில்லை, ஒரு லிட்டர் மிக்ஸ் என்றாலும் பாலும் சர்க்கரையும் காசுதானே. மறுநாள் புது மிக்ஸோடு பழையதைக் கலந்தால் நேற்றைய கிருமியை நாமே இன்றைக்குத் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகும் என்பதால் இப்போது அளவாகப் போடுகிறோம், எட்டரை மணிக்கு மேல் ஹாப்பரை நிரப்புவதில்லை.

அடுத்து பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் வேண்டாம். "பால் பட்ட ஏனத்துல எடுத்த எடுப்புல சுடுதண்ணி ஊத்துனா பால் வெந்து சுவர்ல அப்பிக்கிடும்மா, அப்புறம் அது போகவே போகாது" என்று மாமா சொன்னார். லீவரில் வரும் தண்ணீர் தெளியும்வரை, பெரும்பாலும் மூன்று தடவை. அதன் பிறகு கை பொறுக்கும் சூட்டில் வாசனை இல்லாத பாத்திர சோப்புத் தண்ணீர், ஐந்து நிமிஷம் பீட்டரை ஓடவிட்டு, அதே நேரத்தில் ஹாப்பரைப் பிரஷ் போட்டு, இறக்கிவிடுவது. மெக்கானிக் தம்பி சொன்ன கழுவல் இதோடு முடிந்துவிடும். எங்களுக்கு இப்போது வேலையே இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவு, பீட்டர், பிளேடு, லீவர் கட்டைகள், ஹாப்பரில் நிற்கும் காற்றுக்குழாய், அத்தனையும் கழற்றவேண்டும். ரப்பர் வளையம் ஒன்றுகூட விடக்கூடாது. முதல்நாள் மாமா போன பிறகு நான் அவசரத்தில் கத்திமுனையால் ஒரு வளையத்தை எடுத்து அதைக் கிழித்துவிட்டேன், மறுநாள் லீவர் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. வளையத்தை ஒரு துணியால் பிடித்து இரண்டு பக்கமும் அழுத்தினால் நடுவில் மேலே எழும்பும், அப்படியே உருட்டி எடுத்துவிடலாம். இன்னொரு தடவை பிளேடைத் திருப்பி மாட்டிவிட்டோம். சுவரில் பனி சுரண்டப்படாமல் தடித்து, மெஷின் உறுமுகிறது, லீவரை இழுத்தால் ஒன்றும் வரவில்லை. அன்று அரைநாள் வியாபாரம் போனது. கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு படியையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைப் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து சிங்க் மேலே ஒட்டியிருக்கிறோம்.

பிரஷ்களுக்கு அலைந்தோம். சிலிண்டருக்குப் பெரியது, லீவர் துளைக்குக் குழந்தைப் பால்பாட்டில் பிரஷ், காற்றுக்குழாய்க்கு ஸ்ட்ரா கழுவும் மெல்லிய பிரஷ். சிலிண்டரின் பின்சுவர் ஓட்டைக்குள் பிரஷை விட்டுச் சுற்றவேண்டும், பழுப்பு வருவது நின்று வெள்ளை நுரை வரும்வரை. கழுவியதைத் துணியால் துடைக்காமல், சுத்தமான கம்பித் தட்டில் ராத்திரி முழுக்க ஆற விடுகிறோம். துடைக்கும் துணியில் இருக்கும் அழுக்கு வேறு எங்கேயும் இருக்காது.

காலையில் மாட்டும்போது ரப்பர்களுக்கு உணவுத் தரத்துக் கிரீஸ் மெல்லிசாக. வாஸ்லின் போடக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும். தண்டில் மோட்டாருக்குள் நுழையும் முனையில் மட்டும் கிரீஸ் வேண்டாம்.

இனி கழுவிய பிறகு மிஞ்சும் கிருமியைக் கொல்லும் குளோரின் விஷயம், இதில்தான் நான் ரொம்பத் தடுமாறினேன். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், சுண்ணாம்பு அடியில் தங்கும். வாசனை சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் வாங்கினோம். தேவை 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் 100 பங்கு குளோரின்), அதாவது 5 சதவீதத் திரவம் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. நான் முதலில் மூடியால் குத்துமதிப்பாக இரண்டு மூடி ஊற்றினேன். அன்று வந்த முதல் பத்துக் கோனும் நீச்சல் குளத்து வாடை, அப்படியே கொட்டினேன். அப்புறம் மருந்து ஊற்றும் சிரிஞ்சும் குளோரின் டெஸ்ட் பட்டையும் வாங்கினோம். பட்டையை நனைத்து டப்பாவில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டால் போதும். நம் ஊர் வெயிலில் திரவத்தின் வீரியம் மாதத்துக்கு மாதம் குறையும் என்பதால் அளந்து ஊற்றினாலும் பட்டையில் பார்க்காமல் விடமாட்டோம். கூடினால் ஸ்டீலையும் ரப்பரையும் அரிக்கும், குறைந்தால் பிரயோஜனம் இல்லை. கலவையை ஹாப்பரில் ஊற்றி, பிரஷால் எல்லா இடமும் நனைத்து, ஐந்து நிமிஷம் ஓட்டி, மூன்று லீவரிலும் இறக்குகிறோம். அதன் மேல் மறுபடி தண்ணீர் விட்டு அலசுவதில்லை, புது மிக்ஸை ஊற்றி முதலில் வருவதைக் கீழே விட்டுவிடுகிறோம். ராத்திரியே இதைச் செய்துவிட்டால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். விடியும்வரை சும்மா நிற்கிற மெஷினில் மறுபடி ஏதாவது குடியேறும், அதனால் மிக்ஸ் ஊற்றுவதற்குச் சற்று முன்னால்தான்.

இன்னொன்று. எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. கொஞ்ச நாளில் சிலிண்டரில் வெள்ளையாக ஒரு பூச்சு படிந்தது, தண்ணீரின் உப்பும் பாலும் சேர்ந்து இறுகுவது. மாமா அதைப் பால்கல் என்கிறார். சோப்புக்கு அது அசையாது, அமில கிளீனர்தான் வேண்டும், வாரம் ஒருமுறை போடுகிறோம். ஒருநாள் கடைப் பையன் அமிலம் இருந்த வாளியிலேயே ஹைப்போகுளோரைட்டை ஊற்றப் போனான், ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடின அறையில் ஆளையே சாய்த்துவிடும். இப்போது இரண்டு வாளியும் வேறு வேறு நிறம், வேறு வேறு மூலை. சோப்பைப் போக்கும் கடைசி அலசலுக்கும் குளோரின் கலப்பதற்கும் கேன் தண்ணீர்.

வாடை போனதும் விட்டுவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை, மதுரையில் ஒரு லேபில் சாம்பிள் கொடுத்தோம். முதல் ரிப்போர்ட்டில் கோலிஃபார்ம் வந்தது, சுத்தம் போதவில்லை என்று காட்டும் கிருமி வகை அது. காய்ச்சிய பாலில் அது செத்திருக்கவேண்டும், அப்படியென்றால் காய்ச்சிய பிறகு எங்கேயோ ஒட்டியிருக்கிறது. தேடினோம். மிக்ஸ் கலக்கும் ஜக் ஒன்று, பிடியின் உள்ளே விரிசல் விட்டிருந்தது. அதைத் தூக்கிப் போட்டோம். மிக்ஸை 4 டிகிரிக்குக் கீழே ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பிறகே ஹாப்பரில் ஊற்ற ஆரம்பித்தோம். கரண்ட் போய் வந்தால் ஹாப்பரில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறோம், நேரம் இழுத்து மிக்ஸ் சூடேறியிருந்தால் கொட்டிவிடுகிறோம். இரண்டாவது ரிப்போர்ட் சுத்தமாக வந்தது.

முதல் தடவை முழுக்கக் கழற்றி மாட்ட எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது, இப்போது ராத்திரி ஐம்பது நிமிஷம், காலையில் இருபது. ரப்பர் செட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். டீச்சரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பின்னாடி வாஷரை எடுத்துக் காட்டச் சொன்னார், அன்று காலை மாட்டுவதற்கு முன்னால் வந்து தானே விரலால் தடவி மோந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் மகனைக் கூட்டி வந்தார்.