பெத்தகானவில் பாலாமை பார்த்தேன்!

நேற்றுக் காலை பார்த்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பாலாமை என்ற நன்னீர் ஆமை! அதுவும் கொழும்புக்குப் பக்கத்திலேயே, கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவில்.

போகும் வழியை ஒழுங்காக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அந்த ஓட்டோக் கதையைச் சொல்லாமல் முடியாது. வெயில் ஏறுமுன் போய்ச் சேர வேண்டும் என்று வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்தோம். மீட்டர் பழுதாம். 1,000 ரூபா என்று பேசி ஏற்றியவர், வழி தெரியாமல் சுற்றிவிட்டு இறங்கும்போது 1,800 கேட்டார். வாக்குவாதப்பட்டு 1,200 கொடுத்தேன். அந்த 200 இன்னும் வயிறெரிகிறது. மீட்டர் இல்லாத ஓட்டோவில் ஏறவே ஏறாதீர்கள். உள்ளே போக எடுத்த டிக்கெட்டோ மலிவு.

சரி, ஆமைக்கு வருவோம். பெத்தகான ஈரநிலப் பூங்கா 2016இல் திறந்தது. 18 ஹெக்டேயர் சதுப்பு, அதன் மேலே பலகைப் பாதை. தண்ணீரில் சாய்ந்து கிடந்த ஒரு கட்டையில் வரிசையாக நாலு கறுப்பு உருண்டைகள்.

"மாமி, கல்லா அது?" என்றாள் மருமகள்.

ஒன்று மெல்லக் கழுத்தை நீட்டியது. காராமை! சிங்களத்தில் இதன் பெயரே கல் இப்பா, கல்லாமை. முதுகில் நீளவாக்கில் மூன்று மேடு, பின்கால்களை விரித்து வெயில் காய்கிறது. உடம்புக்குச் சூடு வெயிலிலிருந்துதான் வர வேண்டும், அது ஏறினால்தான் தின்றது செரிக்கும்.

அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் தடதடவென்று பலகையில் ஓடி வந்தது. நாலும் தொபுக்கென்று தண்ணீருக்குள்! அழுகையே வந்துவிட்டது. ஆமை பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து மெல்ல நடவுங்கள். பிஸ்கட் எறிவதும் வேண்டாம்.

இருபது நிமிடம் அசையாமல் நின்றோம். அப்புறம் எங்கள் காலடியிலேயே, பாசி விலகி, குழாய் மாதிரி ஒரு மூக்கு மட்டும் மேலே வந்தது. மூச்சு வாங்கியது. பிறகு ஓடு தெரிந்தது: ஈரத் தோல் போர்த்திய ஓடு, காராமைக்கு இருப்பது போன்ற கட்டியான செதில்கள் இல்லை. பாலாமையேதான்! இதன் அடிவயிற்றில் இரண்டு தோல் மடிப்பு உண்டு, பின்கால்களை உள்ளே இழுத்தால் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். சிங்களத்தில் கிரி இப்பா, கிரி என்றால் பால். இரண்டு மொழியிலும் பால்தான்!

2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது இப்படியான சதுப்புகளால்தான். வீட்டுத் தொட்டியில் வளர்த்த செங்காது ஆமை அலுத்துப்போனால் இங்கே கொண்டுவந்து விடாதீர்கள். அது வட அமெரிக்க ஆமை, இங்குள்ள ஆமைகளின் தீனியையும் இடத்தையும் பிடித்துவிடும்.

அடுத்த ஞாயிறும் போகிறோம். பஸ்ஸில். ஆறு மணிக்கே வெளிக்கிட வேண்டும் என்று மருமகள் இப்போதே சொல்லிவிட்டாள்.