ரங்கூன் கடிதங்களுக்கு ஒரு சேமிப்புப் பெட்டி

ஜூன் 3, செவ்வாய், கானாடுகாத்தான்

ஐயா (தாத்தா) ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து வருகிறேன். பேரேடுகளும் இசைகுடிமான (திருமண ஒப்பந்த) ஓலைகளும் இன்னும் பெட்டகத்தில் காத்திருக்கின்றன. ஏ4 அளவுத் தாளை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் ஒரு பக்கமே ஏறக்குறைய 100 எம்.பி. (மெகாபைட்) வருகிறது. பத்தாயிரம் பக்கம் என்றால் ஒரு டி.பி. (டெராபைட்) ஆகிவிடும். மடிப்பில் மசி அரித்த இடங்களில் எழுத்தோடு தாளும் உதிர்கிறது. இன்னொரு முறை விரித்து ஸ்கேன் செய்ய எல்லாக் கடிதங்களும் தாங்காது. அதனால் மடிக்கணினியில் இருக்கும் ஒற்றைப் பிரதியை நம்பிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலுள்ள கணினிகள் எல்லாம் தாமாகவே பிரதி எடுத்து வைக்கும்படி ஒரு நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்கப் போகிறேன்.

ஜூன் 7, சனி

காரைக்குடிக்குப் போய் விசாரித்தேன். "இரண்டு வட்டு போட்டு ரெய்டு 1 வைத்துவிடுங்கள் சார், பேக்கப் முடிந்தது" என்றார் கடைக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் இதை ஒப்புக்கொள்ள முடியாது. ரெய்டு 1 ஒரே தகவலை இரண்டு வட்டிலும் ஒரே நேரத்தில் எழுதுகிறது. ஒரு வட்டு பழுதானால் மற்றது கைகொடுக்கும். ஆனால் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழிந்துவிடும். வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டினாலும் இரண்டையும் சேர்த்தே பூட்டும். இடி இறங்கினால் பெட்டியே போய்விடும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பிரதி என்று சொல்லலாமா?

அதனால் பெட்டியில் நான் முதலில் பார்ப்பது ஸ்நாப்ஷாட் வசதியை, அதாவது கோப்புகளின் அன்றன்றைய நிலையைப் பதிந்து வைக்கும் வசதியை. பி.டி.ஆர்.எஃப்.எஸ். அல்லது இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமை இருந்தால் நேற்று, போன வாரம், போன மாதம் இருந்த நிலைக்கு ஒரு கோப்பைத் திருப்பிக் கொண்டுவரலாம். விலை குறைந்த எல்லா மாடல்களிலும் இது கிடைப்பதில்லை. பெட்டியே செத்துவிட்டால் வட்டுகளை வேறு லினக்ஸ் கணினியில் மாட்டிப் படிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. கடையில் அதற்குப் பதில் இல்லை. தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

வட்டு வாங்கும்போது எஸ்.எம்.ஆர்., சி.எம்.ஆர். என்ற இரண்டு எழுதும் முறைகளின் வேறுபாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சி.எம்.ஆர். வட்டில் தகவல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியே இருக்கும். எஸ்.எம்.ஆர். வட்டில் தகவல் தடங்கள் நம் வீட்டு நாட்டு ஓடுபோல ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. நடுவில் ஒன்றை மாற்ற அடுத்தடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டும். ரெய்டில் புது வட்டு மாட்டி மறுபடி நிரப்பும்போது இது தவித்துப்போகும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், நாஸுக்கென்றே விற்ற சில வட்டுகள் எஸ்.எம்.ஆர். என்பது தெரியவந்து பெரும் சர்ச்சையானது. அதன்பின் சி.எம்.ஆர். வட்டுகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். நான் 4 டி.பி. சி.எம்.ஆர். இரண்டு எடுக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

வைஃபை இந்த வீட்டில் உதவாது. முகப்பிலிருந்து வளவை (உள்முற்றத்தை) தாண்டுவதற்குள் சிக்னல் சுவரிலேயே தீர்ந்துவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்க அப்பச்சி (அப்பா) விடமாட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆகவே நெட்வொர்க் கேபிளை விட்டத்தின் மேலேயே இழுத்துக் கொண்டுபோய் இரண்டாம் கட்டு அறைக்குள் இறக்கினோம்.

இழுத்த பின்னும் வேகம் நொடிக்கு 11 எம்.பி.யைத் தாண்டவில்லை. முனையைக் கழற்றிப் பார்த்தால், எட்டுக் கம்பியில் நான்கைத்தான் கிரிம்ப் செய்திருந்தார் வேலைக்கு வந்தவர். நீலமும் பழுப்பும் வெட்டப்பட்டுக் கிடந்தன. நான்கு கம்பியில் 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் சுமார் 12 எம்.பி.) மட்டுமே ஓடும். அந்த வேகத்தில் ஒரு டி.பி.யை நகர்த்த ஒரு நாளே ஆகும். எட்டுக் கம்பியும் சேர்த்துப் புது முனை போட்டதும் அதைப்போல் பத்து மடங்கான கிகாபிட் வேகம் கிடைத்தது. இப்போது நொடிக்கு 110 எம்.பி. ஓடுகிறது, அதே ஒரு டி.பி.க்கு இரண்டரை மணி நேரம் போதும். கேபிள் இழுப்பவர்கள் இதில் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

சினாலஜி நிறுவனத்தின் இரண்டு வட்டு நாஸ் பெட்டி வந்துவிட்டது. யு.பி.எஸ்.ஸையும் யு.எஸ்.பி. வழியாக அதனோடு இணைத்தேன். மின்சாரம் நின்று பேட்டரி இறங்கினால் பெட்டி தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். நம் ஊர் மின்வெட்டுக்கு இது இல்லாமல் நாஸ் வாங்கவே கூடாது.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து வைக்கச் சொன்னான் தம்பி. மறுத்துவிட்டேன். 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்), இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைத் தேடித்தேடிப் பூட்டியது. வேண்டுமானால் வி.பி.என். (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாக வரட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாவது பிரதிக்குத் தனி யு.எஸ்.பி. வட்டு. கடவுச்சொல் போட்டு, பிரதி எடுத்ததும் கழற்றி, கோவையில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும்போது அவர் பழையதைக் கொண்டுவந்து புதியதை எடுத்துப் போவார். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஆத்தாவின் இரும்புப் பெட்டியில் வைத்தாயிற்று.

"எல்லாம் சரி, திரும்ப எடுக்க வருகிறதா?" என்று கேட்டார் அப்பச்சி. கேட்க வேண்டிய கேள்வி. ஒரு கோப்புறையை வேண்டுமென்றே மடிக்கணினியிலிருந்து அழித்து, நாஸிலிருந்து வேறொரு கணினிக்கு மீட்டேன். கடிதங்கள் அத்தனையும் திறந்தன. யு.எஸ்.பி. வட்டிலும் அதையே நாளைக்குச் செய்துபார்க்க வேண்டும். அதன்பிறகுதான் பேரேட்டு ஸ்கேன்.