இடுப்பு இறுக்கத்தை எண்ணில் பார்த்தபோது

என் கீழ்முதுகைத் தொட்டுப் பார்த்த ஒரு பிசியோதெரபிஸ்ட், வலது பக்கம்தான் ரொம்ப டைட் என்றார். இன்னொருவர் இடது பக்கம் என்றார். இருவரும் அனுபவசாலிகள்தான், ஆனால் விரலுக்குத் தெரியும் இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். சிகிச்சை பலன் தருகிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓர் அளவு வேண்டியிருந்தது. அதனால் தசையின் விறைப்பை அளக்கும் மயோட்டன் என்ற கருவியை வைத்திருப்பவரிடம் போனேன்.

அளப்பதைவிட ஆயத்தத்துக்குத்தான் நேரம் பிடித்தது. வயிற்றுக்கடியில் மெல்லிய தலையணை வைத்துக் குப்புறப் படுக்கச் சொன்னார். இடுப்பெலும்பின் மேல்விளிம்புகளைத் தடவி, அந்த மட்டத்தில் நான்காவது இடுப்பு முள்ளெலும்பைக் கண்டுபிடித்தார். அதற்கு இருபுறமும் சம தூரத்தில் மார்க்கரால் புள்ளி வைத்தார். அப்புறம், "மூச்சை விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்றார்.

கருவியின் முனை 0.18 நியூட்டன் விசையில் தோலை அழுத்தியபடி, 0.4 நியூட்டனில் 15 மில்லிவினாடி தட்டுகிறது. விரலால் லேசாகச் சுண்டுவது போல இருக்கும், வலியே இல்லை. தசை அதிர்ந்து அடங்கும் விதத்தை வைத்து விறைப்பை நியூட்டன்/மீட்டரில் காட்டுகிறது. "இப்போ தலையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லி மறுபடி தட்டினார். எண் சட்டென்று ஏறியது. தளர்ந்து கிடந்தால்தான் அளவு சரியாக வரும் என்பது அப்போது நன்றாகப் புரிந்தது. தோலும் கொழுப்பும் அளவைப் பாதிக்கும் என்பதால், என் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம் என்றார்.

இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வந்தது. எனக்கோ வலது பக்கம் கல்லாக இருப்பதாகவே தோன்றியது. உணரும் விறைப்பும் அளந்த விறைப்பும் ஒத்துப்போக வேண்டியதில்லை என்று 2017-இல் தாஷா ஸ்டான்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். முதுகு தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பும் உணர்வாக அது இருக்கலாமாம். என் அவஸ்தை பொய் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

அழுத்திப் பிசைவதைக் குறைத்து அசைவுப் பயிற்சியைக் கூட்டினோம். கூடவே திருத்தப்பட்ட ஷோபர் சோதனையும் செய்தார்: முதுகில் 15 செ.மீ. இடைவெளியில் இரு கோடுகள் போட்டு, குனியும்போது அது எவ்வளவு நீள்கிறது என்று டேப்பால் பார்ப்பது. சில வாரங்களில் கருவியின் எண் பெரிதாக மாறவில்லை; டேப் அளவு கூடியது, காலையில் எழுவதும் சுலபமானது. அடுத்த அளவையும் அதே நேரத்தில், அதே புள்ளிகளில், பயிற்சிக்கு முன்பே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.