பகல் ஷிஃப்ட் சோல்

ஆம்பூரில் ஷூ சோல் செய்யும் கம்பெனி ஒன்றில் ரப்பர் கலவை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. பகலில் ஓட்டிய கலவையில் அடித்த சோல்கள் மடக்கிப் பார்க்கும் சோதனையில் விரிசல் விட்டன. ராத்திரி ஓட்டியவை நன்றாகவே இருந்தன. சரக்கு ஒன்று, அளவு ஒன்று, ரோல்களுக்கு நடுவில் கலவையைப் பிசையும் மில்லும் அதே மில்.

ரப்பரில் கலக்கும் சிலிக்கா பொடியை நான் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு துகளும் 10, 20 நானோமீட்டர்தான். ஒரு கிராமின் மேற்பரப்பை விரித்தால் சுமார் 175 சதுர மீட்டர், நம்மூர்க் கணக்கில் நாலு சென்ட் மனைக்கு மேல். அவ்வளவு பரப்பும் ரப்பரைப் பிடித்துக்கொண்டால்தான் சோல் சீக்கிரம் தேயாது. ஆனால் சிலிக்காவுக்கு ரப்பரைவிடத் தன் இனத்தின் மேல்தான் பாசம். துகளோடு துகள் ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டிக்குள் போன துகளை ரப்பர் தொடவே தொடாது. விரிசல் தொடங்குவதும் அந்தக் கட்டியின் ஓரத்தில்தான்.

என்னைக் குழப்பியது கடினம் அளக்கும் ஷோர் மீட்டர். விரிசல் விட்ட பகல் சோலில்தான் கடினம் கூடுதலாக, 65ஐத் தாண்டியது. பிரியாத துகள்கள் வலைபோலக் கோத்து நின்று, லேசாக அழுத்தும்போது விறைப்புக் காட்டும். நன்றாக இழுத்தால் வலை அறுந்துவிடும். பெய்ன் விளைவு என்று கல்லூரியில் படித்ததுதான், பரீட்சையோடு மறந்தாயிற்று. போதாததற்குப் பொடியைக் கொஞ்சம் கூட்டியும் பார்த்தேன். தேய்மானம் இன்னும் மோசமானது.

அப்புறம்தான் இரண்டு சோலையும் பிளேடால் வெட்டி, செல்போன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ராத்திரி சோல் மழமழவென்று இருந்தது. பகல் சோலின் பழுப்பில் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள்.

மில் ஓட்டும் அண்ணாவிடம் காட்டினேன். அவர் பேசாமல் என் கையைப் பிடித்து, ரோலைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயின் மேல் வைத்தார். சுட்டது.

"ரப்பர் இளகிப்போனா பொடி எப்படி சார் உடையும்? கூழா இருந்தா கட்டி மிதக்கும். களி மாதிரி கெட்டியா இருக்கும்போது துடுப்பு போட்டாத்தான் உடையும்."

எண்ணெயை முதலிலேயே ஊற்றச் சொன்னது நான். அதுவும் ரப்பரை இளக்கியிருந்தது. பாதிப் பொடி ஏறிய பிறகு ஊற்றும்படி மாற்றினோம். குழாய்த் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அதுவரை சிலிக்கா கலவை ராத்திரி ஷிஃப்டில் மட்டும் ஓடியது.

சில்லர் வந்து இறங்கியது ஐப்பசியில், அடைமழையில்.